வடக்குச் சுவரில் வெயில்

கண்காட்சிக்கு என்று நீங்கள் அனுப்பிய கவரை நேற்று மத்தியானம் பிரித்தேன். உள்ளே பன்னிரண்டு படங்கள். கூடவே ஒரு சீட்டு. யுத்த காலத்தில் நம் ஊரைத் தற்காப்புக்குத் தயார் செய்த படங்கள் இவை, எல்லாம் அறுபத்திரண்டாம் வருஷத்தவை என்று நினைக்கிறோம், பின்பக்கம் வருஷத்தைக் குறித்து இரண்டு வரி எழுதித் தாருங்கள் ஐயா என்று எழுதியிருந்தீர்கள்.

நினைக்கிறீர்களாம். இந்த 'நினைக்கிறோம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. உங்கள் மேல் இல்லை, என் மேல்தான். நம் அரசு அலுவலகத்தின் போட்டோ பிரிவில் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டியவன் நான். கேமரா பிடிக்கவும் பிலிம் கழுவவும் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இந்தப் பன்னிரண்டு படங்களில் நான் எப்படி வழுக்கி விழுந்தேன் என்பதை நான்தான் சொல்ல முடியும்.

அறுபத்திரண்டாம் வருஷம் நவம்பர் மாதம். வடக்கே எல்லையில் சீனாவோடு சண்டை. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமை போதுமா என்று வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டிருந்த நேரம். அதற்கு நடுவில் யுத்தம். இமயமலை எங்கே, நம் கடற்கரை எங்கே என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நாங்களும் கேட்கவில்லை. கண்ணாடி ஜன்னல்களில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். அபாயச் சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பள்ளிக்கூடங்களில் ஒத்திகை நடந்தது. சிலர் கடலைப் பார்த்து ஓடினார்கள், சிலர் ரயில் நிலையத்தைப் பார்த்து ஓடினார்கள். கடற்கரைச் சாலையில் மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதன் வடக்குப் பக்கத்து வெற்றிடத்தில் பதுங்குகுழி வெட்டி, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கினார்கள். அதைப் படம் எடுக்கும் வேலை எனக்கு. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அங்கே கேமரா கொண்டுபோக அனுமதி பெற்றவன் நான் ஒருவன்தான். கடல் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்று உத்தரவு. அதனால் சுவர், குழி, மூட்டை, வெட்டுகிற ஆட்கள், இவ்வளவுதான் படத்தில் வரும்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் காவல் அதிகாரி ஒருவர் கூப்பிட்டனுப்பினார். நான் எடுத்த படங்களையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அலுவலக ரப்பர் முத்திரை இன்னும் போடாத எட்டுப் பிரதிகளை எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் மேஜைமேல் நான்கு படங்கள் இருந்தன. எதிரே பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை. பெயர் அந்துவான். நம் ஊர் உப்பளம் பகுதிக்காரர், தச்சு வேலை. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பதுங்குகுழி ஓரமாக இந்தப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்ப்பதும் இடத்தைப் பார்ப்பதும் அடி அளந்து நடப்பதுமாக இருந்திருக்கிறார். யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள்.

"இது எங்க அண்ணன் படம் சார், பழசு" என்று மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"பழசா? நேத்து வெட்டுன குழி இதுல எப்பிடிய்யா இருக்குது?" என்றார் அதிகாரி.

நியாயமான கேள்விதான். நானும் பார்த்தேன். அதே சுவர், அதே இடத்தில் குழி, அதே மாதிரி மூட்டைகள். அரைக்கால் சட்டையும் பனியனும் போட்ட ஆட்கள் மண்ணை வாரிப் போடுகிறார்கள். கொடி இல்லை, கார் இல்லை, பெயர்ப் பலகை இல்லை. என் படங்களை அருகில் வைத்து அதிகாரி ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது பியூன் டீ கொண்டுவந்தார். கோப்பை வைக்க இடம் வேண்டுமே என்று பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தட்டி ஓரமாக வைத்துவிட்டார். அவ்வளவுதான், எது யாருடையது என்று அதிகாரிக்குத் தெரியவில்லை.

"உன்னோடதப் பொறுக்கி எடு" என்றார்.

முதலில் கண்ணில் பட்டதை எடுத்தேன். நல்ல படம். நடுவில் மண்வெட்டியோடு ஒரு ஆள், பின்னால் சுவர் பளிச்சென்று, ஜன்னல் கதவுகளின் நிழல் அதன்மேல் சாய்ந்து விழ, ரொம்ப அழகாக வந்திருந்தது. "இது என்னோடது சார்" என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்றார். "அது எங்களுது சார். அதுலதான் அண்ணன் நல்லா வுழுந்திருக்காரு."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ எடுத்த படம் இவன் கைக்கு எப்பிடிப் போச்சு?"

தம்பிகளே, தங்கைகளே, பயம் வந்தால் மூளை எந்த வேகத்தில் வேலை செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். படத்தைத் திருப்பினேன். எங்கள் அலுவலகத்தில் வாங்கும் போட்டோ பேப்பரின் பின்பக்கம் அதைத் தயாரித்த கம்பெனியின் பெயர் லேசாக ஓடும். இதில் இல்லை. அப்படியானால் என் படம் இல்லை. மூச்சு வந்தது. ஆனால் நான் அதோடு நிறுத்தவில்லை. அதிகாரிக்கு என் மேல் வந்த சந்தேகம் போக வேண்டுமே. பேப்பரை முகர்ந்து பார்த்தேன். பிரிண்ட் கழுவிய மருந்து வாடை இன்னும் போகவில்லை. விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"என்னோடது இல்ல சார். வேற பேப்பர். ஆனா புதுசு. இந்த மாசம் பிரிண்ட் போட்டது" என்றேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம் சார்."

"எழுதிக் குடு."

பின்பக்கம் பென்சிலால் 'இந்த மாதம் பிரிண்ட் போட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அவருக்கு வேண்டியது படம் எப்போது எடுக்கப்பட்டது என்பது. நான் சொன்னது எப்போது பிரிண்ட் போடப்பட்டது என்பது. பழைய நெகட்டிவில் இன்றைக்கும் பிரிண்ட் போடலாம் என்பது எனக்குத் தெரியாதா? அதிகாரி அதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார் என்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். என் தலை தப்பினால் போதும் என்று இருந்தது. என் எட்டுப் படங்களையும் 'இருக்கட்டும்' என்று அவரே வைத்துக்கொண்டார். அந்துவானை உள்ளே அழைத்துப் போனார்கள். போகும்போது அவர் என்னைத் திட்டவில்லை. புரியாமல் பார்த்தார்.

மறுநாள் காலையில் நம் அலுவலக நடையில் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அந்துவானின் மனைவி, மரி. என்னிடம் அழுவார், சண்டை போடுவார் என்று நினைத்து ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அவர் நிதானமாகப் பேசினார். பிரெஞ்சுக் காலத்துப் பழக்கத்தில் என்னை 'முசே', அதாவது ஐயா, என்றுதான் அழைத்தார். அந்த வயதுக்காரர்கள் அலுவலகத்தில் இருக்கிற யாரையும் அப்படித்தான் அழைப்பார்கள்.

"அவரோட அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சொல்தாவா போனாரு, முசே. இந்தோ சீனால, வியத்நாம் சண்டைல செத்துப்போனாரு. ஒடம்பு வரல. நவம்பர் மாசம் எங்களுக்கு எறந்தவங்க மாசம். மாமனார் மாமியாருக்கு உப்பளம் கல்லறையில பூ வச்சி மெழுகுவத்தி கொளுத்துறோம். அவருக்கு எங்க போயி கொளுத்துறது? கல்லறையே இல்லையே. இந்தப் படந்தான் இருக்குது. இதுல அவரு நின்ன எடத்தப் பாத்து அங்க ஒரு மெழுகுவத்தி வக்கலாம்னு போனாரு இவரு."

"படம் எப்ப எடுத்தது?"

"முன்ன நடந்த பெரிய சண்டையப்ப, ஹிட்லரு சண்டை. பிரெஞ்சுக்காரன் காலத்துல இதே எடத்துலதான் குழி வெட்டுனாங்களாம். அண்ணனும் வெட்டுனாரு. ஒரு தொரை எடுத்து, நெகட்டிவ இவங்க வூட்டுல குடுத்துட்டுப் போனாரு. இந்த வருசம் பெரிசா பிரிண்ட் போடச் சொல்லி ஸ்டுடியோல குடுத்தோம்."

"நெகட்டிவ் இருக்கா? அதக் காட்டுனா போதுமே."

அவர் என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். "நீங்க இந்த மாசத்துப் படம்னு சொன்னது ஸ்டுடியோக்காரர் காதுக்குப் போயிருக்குது. போலீஸ் வரும்னு பயந்து அடுப்புல போட்டுட்டாரு."

என் வாழ்க்கையில் அந்த நிமிஷம் மாதிரி ஒரு நிமிஷம் வந்ததில்லை. ஒரு பக்கம் இந்த அம்மாள் சொல்வது உண்மை என்று தோன்றியது. இன்னொரு பக்கம், ஒரே இடத்தில், ஒரே மாதிரி, இரண்டு யுத்தத்துக்கும் குழி வெட்டுவார்களா என்று சந்தேகம். நானே என் படம் என்று எடுத்தேனே, அவ்வளவு ஒற்றுமை எப்படி வரும்? ஒற்றர்கள் கதை கட்டத் தெரியாதவர்களா? யாரை நம்புவது என்று ஒன்றும் பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமை அந்துவானை வெளியூர் ஜெயிலுக்கு அனுப்புகிறார்கள் என்றும் அந்த அம்மாள் சொன்னார். அன்று செவ்வாய்.

அன்று பத்து மணிக்கு எங்கள் அலுவலக மேலதிகாரி என்னை மறுபடி அதே கிடங்குக்கு அனுப்பினார். என் பழைய படங்களில் சுவர் இருட்டாக இருக்கிறதாம், மூட்டைகள் எடுப்பாக இல்லையாம். நல்ல வெயிலில் எடுத்து வா என்றார். நான் புலம்பிக்கொண்டே போனேன். அந்த வடக்குச் சுவரோடு பத்து நாளாக மல்லுக்கட்டுகிறேன். காலையில் போனாலும் நிழல், மத்தியானம் போனாலும் நிழல், சாயங்காலமும் நிழல். ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். அந்தச் சுவர்மேல் ஒரு சொட்டு வெயில் விழாது. சித்திரை கடைசியிலிருந்து ஆடி வரைக்கும்தான் நம் ஊரில் சூரியன் வடக்கே ஏறும், அப்போதுதான் வடக்குச் சுவரில் வெயில் நன்றாக அடிக்கும்.

கேமராவைத் தோளில் மாட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

நான் என்னுடையது என்று பெருமையாக எடுத்த படத்தில் சுவர் பளிச்சென்று இருந்தது. ஜன்னல் கதவுகளின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. வடக்குச் சுவரில் வெயில். அது இந்த மாதத்தில் எடுத்த படமாக இருக்கவே முடியாது. குழியோ போன வாரம் வெட்டியது, கோடையில் அங்கே புல்தான் இருந்தது. அப்படியானால் அது வேறு குழி. வேறு வருஷம். மரி அம்மாள் சொன்னது அத்தனையும் உண்மை.

பத்து நாளாக அந்தச் சுவரைத் திட்டியவன் நான். இந்த உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏன் தெரியவில்லை? படம் நன்றாக இருந்தது, அதனால் நான் எடுத்ததாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். வேறு காரணமே இல்லை.

அதிகாரியிடம் ஓடினேன். அவர் காது கொடுத்தாரே தவிர, மனசு கொடுக்கவில்லை.

"நேத்து நிச்சயம்னு எழுதிக் குடுத்த. இன்னிக்கி சுவரு, வெயிலுன்னு வர்ற. அந்தம்மா உன்ன வந்து பாத்துச்சாமே?"

"பாத்தாங்க சார். நான் எழுதுனது தப்பில்ல, சொல்லாம வுட்டதுதான் தப்பு. நீங்க ஒரு தரம் வந்து அந்தச் சுவரப் பாருங்க சார். வெயில் நேரத்துல பாருங்க, போதும்."

"சரி. வெயில் வரட்டும் பாக்கலாம்."

அவர் அதை நக்கலாகத்தான் சொன்னார். ஏனென்றால் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. புதன்கிழமை முழுவதும் மழை. வெட்டிய பதுங்குகுழியில் இடுப்பளவு தண்ணீர். காவலுக்கு நின்றவர்கள் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் மழை விட்டது, ஆனால் வானம் மூடியே கிடந்தது. சூரியன் இல்லாவிட்டால் எல்லாச் சுவரும் ஒன்றுதான். வெயில் எங்கே விழாது என்று காட்ட எனக்கு வெயில் வேண்டும். குடையைப் பிடித்துக்கொண்டு கிடங்கு வாசலில் நின்றேன். பத்தடி தள்ளி மரி அம்மாளும் நின்றார்.

பதினொன்றரை மணிக்கு மேகம் கிழிந்தது. காவல் நிலையத்துக்கு ஓடினேன். அதிகாரி சாப்பிட எழுந்துகொண்டிருந்தார். நான் பேசிய விதமோ, என் கோலமோ, ஜீப்பில் ஏறிவிட்டார். படத்தையும் எடுத்துக்கொண்டார்.

தெற்குப் பக்கத்துச் சுவர் வெயிலில் கண் கூசியது. வடக்குப் பக்கம் வந்தோம். சுவரும் மூட்டையும் குழித் தண்ணீரும் கிடங்கின் நிழலுக்குள் கிடந்தன. அதிகாரி படத்தைச் சுவர் அருகே பிடித்துப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். படத்தில் இருந்த ஜன்னல் நிழலைப் பார்த்தார்.

"காலையில இங்க வெயில் வராதா?"

குழியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆளே பதில் சொன்னார். "எங்க சார் வருது? ரெண்டு வாரமா துணி காயப் போட இந்தச் செவுரு ஒதவல. அந்தப் பக்கந்தான் போடறோம்."

நான் படித்துப் படித்துச் சொன்னதைவிட அந்தத் துணிக் கதை அவருக்குச் சட்டென்று புரிந்தது. மேகம் மறுபடி மூடுவதற்குள் அவர் ஜீப்பில் ஏறிவிட்டார். சாயங்காலம் அந்துவானை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் உங்களிடம் மார்தட்டியிருப்பேன். முடியவில்லை. ஆளை விட்டார்கள், படங்களை விடவில்லை. தற்காப்பு இடத்தின் படம், யுத்தத்துக்காக அறிவித்த நெருக்கடி நிலை முடியும்வரை ஃபைலில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். என் எட்டும் அவருடைய நான்கும் ஒரே கவரில் போயின. நெருக்கடி நிலை முடிய ஐந்தாறு வருஷம் ஆனது. அதற்குள் அந்த ஃபைல் எந்த அலமாரிக்குப் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. நெகட்டிவோ அடுப்பில் போய்விட்டது.

ஒவ்வொரு நவம்பரிலும் அந்துவான் நம் அலுவலகத்துக்கு வருவார். நானும் தேடிப் பார்க்கிறேன் என்பேன். எழுதிப் போட்டேன், நேரில் போய்க் கேட்டேன், உண்மையாகவே தேடினேன். ஒரு வருஷம் அவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்டார்.

"முசே, எனக்கு அண்ணன் மொகம் கொஞ்சங்கொஞ்சமா மறந்துபோவுது. நீங்கதான் அந்தப் படத்த அவ்ளோ நல்லாப் பாத்தீங்க. அவரு எப்பிடி இருந்தாரு, சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறந்தேன். பேப்பரின் விளிம்பு எவ்வளவு வெளுப்பு என்று சொல்ல முடியும். எத்தனை ஜன்னல், நிழல் எந்தச் சாய்வு, எத்தனை மூட்டை என்றுகூடச் சொல்ல முடியும். நடுவில் மண்வெட்டியோடு ஒரு ஆள் நின்றார். அவருக்கு மீசை உண்டா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன், அந்த மனிதரை நான் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. "நல்லா இருந்தாருங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு படத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நேற்று உங்கள் கவரைப் பிரித்தால், அதே பன்னிரண்டு. எந்த அலமாரியைக் காலி செய்தீர்களோ, புண்ணியவான்கள். ஒன்றின் பின்னால் என் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. திருப்பி வைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முகத்தை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தேன்.

நீங்கள் கேட்ட குறிப்பு இதோ. எட்டுப் படங்கள் அறுபத்திரண்டு நவம்பர், நான் எடுத்தவை, சுமாரானவை. அவற்றை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். மற்ற நான்கும் உங்கள் கண்காட்சிக்கு வராது. அரசாங்கச் சொத்து என்று யாராவது கேட்டால், நான் எடுத்துக்கொண்டேன் என்று என் பெயரைச் சொல்லுங்கள். இந்த முறையும் எழுதிக் கொடுக்கத் தயார்.

அந்துவான் இன்னும் உப்பளத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். மரி அம்மாள் காலமாகிவிட்டார். சர்க்கரை வியாதியில் அந்துவானுக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருஷம் ஆகிறது. படத்தைக் கையில் கொடுத்தால் தடவித்தான் பார்ப்பார். அதனால் நான் ஒழுங்காகப் பார்த்து வைத்திருக்கிறேன். மெல்லிய மீசை. இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டு. பனியன் தோளில் கிழிந்திருக்கிறது. முன்பல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது, அது தெரிகிற அளவுக்குச் சிரிக்கிறார். குழி வெட்டுகிற ஆள் மாதிரியே இல்லை, யாரோ பக்கத்தில் நின்று கேலி செய்ததைக் கேட்டுச் சிரிக்கிற மாதிரி இருக்கிறார். வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது.

நாளைக் காலையில் உப்பளம் போகிறேன். இந்த முறை அவர் கேட்டால் சொல்வேன்.